குருவிப் பேர் சொல்ல ஒரு போர்டு

முதலில் வந்த போர்டு கம்ப்யூட்டரே இல்லை என்பது எனக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் தெரிந்தது. உள்ளங்கையில் பாதி அளவு இருந்தது. இரண்டு ஓரத்திலும் சீப்புப் பல் போல ஊசிகள். விளக்கை எரியவைத்து அணைக்கும், வெப்பத்தை அளக்கும், சின்ன மோட்டாரை ஓட்டும். அதற்கு மேல் அதனால் முடியாது. நான் அதில் போட நினைத்த மென்பொருளுக்கு ஒரு முழுக் கம்ப்யூட்டர் வேண்டும். சிறியதாக இருக்கலாம், திரையும் கீபோர்டும் இல்லாமல் இருக்கலாம், ஆனால் கம்ப்யூட்டராக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரிப் படம் போட்டு, ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து விற்கிறார்கள். விலை குறைந்ததை நான் எடுத்துவிட்டேன்.

நான் காரைக்குடியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். சாக்பீஸ் முதல் ஏசி வரை எது வாங்கினாலும் என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். மூன்று கொட்டேஷன் வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, குறைந்த விலைக்கு நேராகச் சிவப்பு மையில் ஒரு டிக் அடித்து மேலே அனுப்புவேன். பதினேழு வருடமாக இதுதான் வேலை. வீட்டுக்கு மிக்ஸி வாங்கினாலும் கை தானாகப் பட்டியல் போட்டுவிடும். எலக்ட்ரானிக்ஸ் எனக்குத் தெரியாது. தமிழ் டைப்பிங்கும், ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸ் ஒன்றும் படித்திருந்தேன்.

என் கணவர் டவுன் பஸ் ஓட்டியவர். சர்க்கரை நோய் அவருடைய வலது கண்ணை முதலில் எடுத்தது. மதுரைக்குப் போய் லேசர் வைத்தோம், ஊசி போட்டோம், ஆபரேஷன் செய்தோம். இடது கண்ணைக் காப்பாற்றலாம் என்றார்கள். அதுவும் ஒரு வருடத்துக்குள் மங்கிவிட்டது. இப்போது வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியும், எதிரில் ஆள் நின்றால் நிழல் போலத் தெரியும். டிப்போவில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். கொஞ்ச நாள் போனார். பிறகு விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. வண்டிகள் ஸ்டார்ட் ஆகி வெளியே போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்க அவரால் முடியாது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வீடு அமராவதிபுதூர் போகும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஓர் ஊருணியை ஒட்டி இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் வேறொருவருடைய பெரிய வீட்டின் கொல்லைச் சுவர். அந்த வீட்டில் யாரும் இல்லை. கொல்லை முழுக்கப் புளியும் வேம்பும் முள்ளுமாகக் கிடக்கிறது. அதனால் எங்கள் பக்கம் பறவைகள் அதிகம். கண் தெரிந்த காலத்தில் அவர் ட்யூட்டி இல்லாத நாட்களில் ஊருணிக்கரையில் போய் நிற்பார். ஒரு பழைய பைனாகுலர் வைத்திருந்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சிலர் சீட்டாடப் போவார்கள், இவர் குருவி பார்க்கப் போகிறார், அவ்வளவுதான் என் எண்ணம்.

வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு அவர் என்னைக் கேட்கத் தொடங்கினார். காய் நறுக்கும்போது, துணி காயப்போடும்போது, ஆபீசுக்குக் கிளம்பும்போது, "இப்பக் கத்துச்சே, அது எங்கன உக்காந்துருக்கு, எப்புடி இருக்கு பாரு" என்பார். நான் எட்டிப் பார்ப்பேன். அதற்குள் பறந்திருக்கும். இருந்தாலும் எனக்குப் பெயர் தெரியாது. கறுப்பாக இருந்தது, வால் நீளமாக இருந்தது என்பேன். பெரும்பாலான குரல்களை அவரே கண்டுபிடித்துவிடுவார். சிலவற்றில்தான் சந்தேகம் வரும். முன்பு அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கக் கண் இருந்தது. இப்போது நான் இருந்தேன், நான் போதவில்லை.

செல்போனில் பறவைக் குரலைக் கண்டுபிடிக்கும் செயலி இருக்கிறது என்று ஆபீசில் ஒருவர் சொன்னார். போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் சொன்னது. ஆனால் போனை வெளியே எடுத்து, திறந்து, பட்டனை அழுத்துவதற்குள் குருவி பாடி முடித்துவிடும். பகலில் போன் என்னோடு ஆபீசுக்கு வந்துவிடும். அவர் வைத்திருப்பது பட்டன் போன். தொடுதிரை அவருக்கு வெறும் கண்ணாடி. யாரும் தொடாமல், தானே கேட்டுக்கொண்டு, தானே பெயரைச் சொல்லும் ஒன்று வேண்டும் என்று தோன்றியது.

அப்படி ஒன்றை வீட்டிலேயே செய்துகொள்ள முடியும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். மென்பொருள் இலவசம். ஒரு சின்ன போர்டு, ஒரு யுஎஸ்பி மைக், ஒரு மெமரி கார்டு இருந்தால் போதும். கேட்ட குரலை வைத்து எந்தப் பறவை, எவ்வளவு உறுதி என்று அது எழுதிவிடும். அப்படித்தான் அந்தச் சீப்புப் பல் போர்டை வாங்கி ஏமாந்தேன். ஏமாற்றியது யாருமில்லை, நான்தான் சரியாகப் படிக்கவில்லை.

இரண்டாவதாக வாங்கியது கம்ப்யூட்டர்தான். எல்லோரும் சொல்லும் பிரபலமான போர்டின் அதே அளவு, அதே துளைகள், அதே மாதிரி நான்கு யுஎஸ்பி. மெமரி அதைவிட இரண்டு மடங்கு. விலை பாதி. என் ஒப்பீட்டுப் பட்டியலில் அதற்குப் போட்டியே இல்லை. வந்த பிறகுதான் தெரிந்தது, அதற்கென்று கொடுத்திருந்த இயங்குதளம் பல வருடம் பழையது. பறவை மென்பொருளுக்குப் புதியது வேண்டும். யாரோ ஒருவர் தன் சொந்த முயற்சியில் புதியதை அதற்காக மாற்றி எழுதி வைத்திருந்தார். அதைப் போட்டால் வைஃபை வேலை செய்யவில்லை. வைஃபை வேலை செய்கிற இன்னொன்றைப் போட்டால் மைக் தெரியவில்லை. சந்தேகம் கேட்கப் போனால் பக்கம் முழுக்கச் சீன மொழியில் இருந்தது. மொழிபெயர்த்துப் படித்தால், என்னைப் போலவே ஒருவர் கேட்டிருந்தார், யாரும் பதில் சொல்லவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அதோடு போனது. சனிக்கிழமை மாலைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். நோட்டில் கட்டளைகளை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடிப்பேன். பாதியில் நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது ஞாயிறு மத்தியானம் சாப்பாடு வைக்கக்கூட நேரமாகிவிட்டது. அவர் தானே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து, சோற்றுப் பானையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நின்றார்.

"மூணு வாரமா அந்தப் பொட்டியோடதான் இருக்க. ஒரு நா ஊருணிக்கரைக்கு என்னையக் கூட்டிட்டுப் போனியா?" என்றார்.

எல்லாம் உங்களுக்காகத்தான் என்று சொன்னேன். சொன்னவுடனே அது சரியில்லை என்று எனக்கே தெரிந்தது.

அவர் கோபப்படவில்லை. பானையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "எனக்குப் பதிலு சொல்லிச் சொல்லி ஒனக்கு அலுத்துப்போச்சு. அதான் ஒரு மிசினப் பிடிச்சு என் பக்கத்துல உக்கார வைக்கப் பாக்குற. உள்ளதச் சொல்லு" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இத்தனை வருடத்தில் இந்த மாதிரி இடங்களில் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். அன்று களைப்பாக இருந்தது.

"ஆமா, அலுப்பாத்தான் இருக்கு" என்றேன். "நீங்க கேக்குறது அலுப்பு இல்ல. தெரியாது, தெரியாதுன்னு நாளு பூராம் சொல்ல வேண்டியிருக்குல்ல, அதுதான் அலுப்பா இருக்கு. நீங்க மொகத்தத் திருப்பிக்கிறீக. அது எனக்குத் தாங்கல."

சோறு போட்டேன். சாப்பிட்டோம். ரசத்துக்கு உப்பு குறைவு என்று மட்டும் சொன்னார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு, அந்த போர்டைக் கையில் கொடு என்றார். கொடுத்தேன். விரலால் ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தார். இதில் என்ன கோளாறு என்று கேட்டார். நான் விவரமாகச் சொன்னேன். முதல் முறையாக நான் செய்கிற வேலையைப் பற்றி அவரிடம் முழுதாகச் சொன்னேன். அதுவரை சொல்லாமல் இருந்ததே தப்பு என்று அப்போது தோன்றியது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நீ வெலையப் பாக்குற, மெமரியப் பாக்குற. வழியில நின்னுபோனா யாரு வருவான்னு பாக்கல. நாங்க வண்டி எடுக்கயில, ஸ்பேரு கெடைக்குமா, போற ஊர்ல இதத் தெரிஞ்ச மெக்கானிக் இருக்கானான்னு அதத்தான் மொதல்ல கேப்போம். நல்ல எஞ்சினா இருந்தாலும் தெரிஞ்ச ஆளு இல்லைன்னா அது ஓரங்கட்டி நிக்கிற வண்டிதான்."

மறுநாள் ஆபீசில் மதிய இடைவேளையில் புதிதாக ஒரு பட்டியல் போட்டேன். விலை, மெமரி, வேகம் என்ற கட்டங்களுக்கு முன்னால் ஒரு கட்டம் சேர்த்தேன்: இதைப் பற்றிச் சந்தேகம் கேட்டால் பதில் கிடைக்கிறதா. ஒவ்வொரு போர்டின் பெயரோடு என் சந்தேகத்தையும் சேர்த்துத் தேடிப் பார்த்தேன். பாதிப் போர்டுகள் அந்தக் கட்டத்திலேயே விழுந்துவிட்டன. மிஞ்சியதெல்லாம் அந்தப் பிரபலமான போர்டின் வகைகள்தான். அதில் புதியது மிக வேகம். ஆனால் போர்டுக்கு மேல் விசிறி, தனி அடாப்டர் என்று வாங்கினால் என் பட்ஜெட்டில் இரண்டு மடங்கு ஆகும். அதில் மிகச் சிறியது மலிவு. ஆனால் மெமரி குறைவு, திணறும் என்று பலர் எழுதியிருந்தார்கள், கடைகளில் இருப்பும் இல்லை. இரண்டு தலைமுறை பழைய மாடல் ஒன்று இந்த வேலைக்குப் போதும் என்று நிறையப் பேர் சொல்லியிருந்தார்கள். அது புதிதாகக் கிடைத்தாலும் விலை குறையவில்லை.

பழையது யாரிடமாவது இருக்குமா என்று எங்கள் கல்லூரி வாட்ஸப் குழுவில் கேட்டேன். அது எங்கெங்கோ போய், இரண்டு நாள் கழித்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி முடித்த ஒரு பெண்ணிடமிருந்து போன் வந்தது. சொந்த ஊர் சிங்கம்புணரி, விடுதியைக் காலி செய்துகொண்டிருக்கிறாள், கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது. முகம் பார்த்து வருகை பதிவு செய்யும் கருவி ஒன்றை அந்த போர்டில் செய்திருந்தாளாம். வேலை முடிந்துவிட்டது, போர்டு சும்மா கிடக்கிறது என்றாள். வந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள்.

அவரும் வருவதாகச் சொன்னார். டவுன் பஸ்ஸில்தான் போனோம். அவர் ஓட்டிய தடம்தான். ஓட்டுநருக்கு இவரைத் தெரிந்திருந்தது. வாங்கண்ணே என்று முன் சீட்டைக் காலி செய்து கொடுக்கச் சொன்னார். இவர் வேண்டாம் என்று நடுவிலேயே உட்கார்ந்துகொண்டார். எந்த நிறுத்தம் வருகிறது என்று யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்தது. இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே கம்பியைப் பிடித்து எழுந்து நின்றார்.

பல்கலைக்கழக கேன்டீனில் அந்தப் பெண் காத்திருந்தாள். போர்டை ஒரு சோப்பு டப்பாவுக்குள் வைத்து, வயர் போக டப்பாவில் ஓட்டை போட்டிருந்தாள். லேப்டாப்பில் இணைத்து ஓடவிட்டுக் காட்டினாள். நான் என் நோட்டை எடுத்துக் கேள்விகளைக் கேட்டேன். எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடியது, எவ்வளவு சூடாகும், எந்தக் கார்டு போட்டாய். எல்லாவற்றுக்கும் அளந்து பதில் சொன்னாள். பிறகு அவளாகவே, "ஒண்ணு சொல்லிடுறேன்க்கா. இந்த மேல் யுஎஸ்பி ஓட்டை லூசு. மைக்க அதுல செருகாதீக. மத்த மூணும் நல்லா இருக்கு. அதுக்காகத்தான் வெலையக் கொறைச்சுச் சொன்னேன்" என்றாள்.

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. ஆனாலும் பழக்க தோஷத்தில், மெமரி ஒரு ஜிபிதானே, இப்போது எல்லோரும் நாலு, எட்டு என்கிறார்களே என்றேன்.

"வீட்ல பத்து வேலைக்கு வைக்கப் போறீகளா, ஒரு வேலைக்கா?" என்று கேட்டாள்.

ஒரு வேலைக்குத்தான் என்றேன்.

"அப்ப இது போதும்க்கா. மிச்சத்த நல்ல அடாப்டருக்கும் நல்ல கார்டுக்கும் போடுங்க. போர்டு அனேகமா சாகாது. இது ரெண்டுதான் சாகும்" என்றாள்.

அவர் போர்டை வாங்கி, நான்கு யுஎஸ்பி ஓட்டைகளையும் விரல் நுனியால் அழுத்திப் பார்த்தார். மேலே உள்ளது ஆடியது. இதுதானே என்றார். அவள் ஆமாம் சார் என்றாள். வாங்கிக்கொண்டு வந்தோம்.

அவள் சொன்னதில் பாதியைத்தான் கேட்டேன். அடாப்டர் வாங்காமல், வீட்டில் கிடந்த செல்போன் சார்ஜரைச் செருகினேன். போர்டை இணைத்திருந்த டிவித் திரையின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு மின்னல் குறி வந்து வந்து போனது. அரை மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக அணைந்து எழுந்தது. மின்சாரம் போதவில்லை என்பதற்கு அந்தக் குறி. ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டிவிட்டுச் சரியான அடாப்டரை வாங்கினேன். அதன் பிறகு மின்னல் வரவில்லை.

மென்பொருள் முதல் முயற்சியிலேயே ஏறியது. நான் மாட்டிய இடத்திலெல்லாம் எனக்கு முன்பே யாரோ மாட்டியிருந்தார்கள், பதிலும் எழுதியிருந்தார்கள். ஊர் இருக்கும் இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகையாகக் கொடுக்கச் சொன்னது. கொடுத்தேன். மறுநாள் காலை மைக்கை ஜன்னலில் கட்டிவிட்டு, முடிவுகளைப் படித்துக் காட்டினேன். எல்லாம் நான் கேள்விப்படாத ஆங்கிலப் பெயர்கள். ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தால் எல்லாம் பனிக்கடலில் வாழும் பறவைகள். மைனாவின் குரலுக்கு வடதுருவத்துக் கடற்பறவை ஒன்றின் பெயரைப் போட்டிருந்தது. பத்தையும் எழுபத்தெட்டையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டேன். எங்கள் வீட்டைத் துருவத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். அவர் அன்று நெடுநேரம் சிரித்தார். பனிக்கரடி வந்தால் கதவைத் திறக்காதே என்றார். கண் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

எண்களைச் சரிசெய்த பிறகு ஊர்ப் பறவைகள் வந்தன. பேசுவதற்கு நான் ஒரு வழி செய்தேன். இந்தப் பக்கம் இருக்கக்கூடிய நூற்றுச் சொச்சம் பறவைகளின் பெயர்களைத் தமிழில் என் குரலில் பதிந்து, ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாகப் போட்டேன். மென்பொருள் ஒரு பறவையைக் கண்டுபிடித்தால் அந்தக் கோப்பு சின்ன ஸ்பீக்கரில் ஒலிக்கும். அதற்கான நாலு வரிக் கட்டளையையும் யாரோ எழுதி வைத்திருந்தார்கள்.

முதல் நாள் ஆபீசிலிருந்து வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன். நான் வெளியே போன பிறகும் வீட்டில் என் சத்தம் ஓயவில்லை என்றார். காகம், காகம், தவிட்டுக்குருவி, காகம், மைனா, தவிட்டுக்குருவி என்று நாள் முழுக்க நான் சொல்லிக்கொண்டே இருந்தேனாம். ஒரே பறவையை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் சொல்ல வேண்டும் என்று மாற்றினேன். காகத்தை அடியோடு எடுத்துவிட்டேன்.

அடுத்த மாதம் ஒரு நாள் பிற்பகலில் கரண்ட் போய்ப் போய் வந்தது. அதில் கார்டு கெட்டுவிட்டது. நான் பதிந்த பெயர்களுக்கு வேறு நகல் வைத்திருக்கவில்லை. ஆபீசில் ஒரு கடிதத்துக்கு மூன்று நகல் எடுத்து மூன்று ஃபைலில் போடுகிறவள் நான். புது கார்டு வாங்கி, இந்த முறை போர்டை இன்வெர்ட்டர் லைனில் இணைத்தேன். மறுபடி பதிய உட்கார்ந்தபோது அவர், "இந்தத் தடவ நான் சொல்றேன், நீ பட்டன அமுக்கு" என்றார்.

அந்த வேலை மூன்று மாலைப் பொழுதுகள் எடுத்தது. நான் பட்டியலைப் படிப்பேன். அவர் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு திருத்தம் வைத்திருந்தார். இரட்டைவால் குருவி என்று நான் படித்தால் கரிச்சான் என்று சொல் என்பார். சிலவற்றுக்கு அவரும் பெயர் தெரியாமல், என்ன நிறம், எவ்வளவு பெரியது என்று என்னைக் கேட்பார். நான் போனில் படத்தைப் பார்த்துச் சொல்வேன். ஓ, அதுவா என்பார், அல்லது பார்த்ததில்லை என்பார். அவர் பெயர் சொல்லும் குரல், பஸ்ஸில் நிறுத்தங்களின் பெயரைச் சொல்லும் கண்டக்டர் குரல் மாதிரி இருந்தது. நான் அதைச் சொன்னதும் கோபித்துக்கொண்டார். ஓட்டுநரைக் கண்டக்டர் என்றால் கோபம் வரத்தானே செய்யும்.

பிறகு அவருக்கும் அந்த போர்டுக்கும் வழக்கு ஆரம்பித்தது. அது ஒரு நாள் காலை "வல்லூறு" என்றது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி "வல்லூறு". வல்லூறு இல்லை, கரிச்சான்தான் வல்லூறு மாதிரிக் கத்தி மைனாவை விரட்டுகிறது என்றார் அவர். எனக்கு நம்பிக்கையில்லை. மாடிப்படியில் ஏறிப் பார்த்தேன். மின்கம்பியில் கரிச்சான் ஒன்று தனியாக உட்கார்ந்திருந்தது. என் கண் முன்னாலேயே வல்லூறு போலக் கத்தியது. கீழே வந்து சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அன்று முழுக்க அவர் நல்ல மனநிலையில் இருந்தார். அதிலிருந்து மிஷின் சொல்வது ஒவ்வொன்றையும் அவர் சோதிக்க ஆரம்பித்தார். சாயங்காலம் நான் வந்ததும் அன்றைய தவறுகளைச் சொல்வார். நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். மிஷின் சரியாகச் சொல்லி அவர் தவறிய நாட்களும் உண்டு. அதையும் அவரே சொல்வார்.

ஐப்பசியில் மழை பிடித்த பிறகு ஒரு நாள் காலை ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், கொல்லைச் சுவருக்கு அப்பாலிருந்து இரண்டு சுரமாக ஒரு விசில் கேட்டது. கொஞ்ச இடைவெளி விட்டு மறுபடி. ஸ்பீக்கர் அவர் குரலில் "ஆறுமணிக்குருவி" என்றது. நான் காபி கலந்துகொண்டிருந்தேன். அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

அந்தப் பெயர், நான் பட்டியலைப் படிக்க அவர் சொல்லிப் பதிந்ததுதான். அது எது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த விசிலை அவருக்குத் தெரியும். முதல் ட்ரிப்புக்கு வண்டி எடுக்கும்போது, மழைக்காலத்தில் டிப்போ மதிலுக்குப் பின்னாலிருந்து அதைக் கேட்டிருக்கிறார். வருடத்தில் சில வாரம் மட்டும் கேட்கும், பிறகு காணாமல் போகும். இருட்டாகவே இருப்பதால் என்ன பறவை என்று பார்த்ததில்லை. யாரோ ஆள் விசிலடிக்கிறான் என்றுகூட நினைத்திருக்கிறார்.

"போயிப் பாரு. அங்குட்டுப் புளியமரத்துக்குக் கீழ, தரையில பாரு. சத்தம் கீழயிருந்துதான் வருது" என்றார்.

மாடிப்படியில் ஏறிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். ஈரச் சருகு. முள். ஒன்றும் தெரியவில்லை. பத்து நிமிடம் நின்றேன். மழைத் தூறல் விழுந்தது. இறங்கிவிடலாம் என்று இருந்தபோது சருகு அசைந்தது. ஒரு சின்னப் பறவை தத்திக்கொண்டு வந்து சருகைப் புரட்டியது.

பழையபடி, பார்த்தேன், அழகாக இருக்கிறது என்று கீழே வந்து சொல்லியிருப்பேன். ஆனால் மூன்று மாலைப் பொழுது அவர் என்னைக் கேட்ட கேள்விகள் என் தலையில் இருந்தன. அங்கிருந்தே மெதுவாகச் சொன்னேன். மைனாவைவிடச் சிறியது, வால் இல்லாதது போலக் கட்டையாக இருக்கிறது, முதுகு பச்சை. அவர் ஜன்னலோரம் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"கண்ணுக்கிட்ட?"

கறுப்பாக ஒரு கோடு, அதற்கு மேல் வெள்ளை என்றேன். வயிறு மாம்பழ நிறம்.

"றெக்கையில?"

தோள் பக்கம் நீலம். அது திரும்பியது. வாலுக்கு அடியில் சிவப்பு, குங்குமச் சிவப்பு என்றேன். இத்தனை நிறத்தை வைத்துக்கொண்டு சருகுக்குள் நின்றால் தெரியவே இல்லை என்றும் சொன்னேன்.

அது சுவரோரமாகத் தத்திப் போய் முள்ளுக்குள் நுழைந்துவிட்டது. போய்விட்டது என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். காபி ஆறியிருந்தது. சூடாக்கிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே, வாலுக்கடியில் சிவப்பு என்றாயே, அது எவ்வளவு தூரம் வயிற்றுப் பக்கம் வருகிறது என்று கேட்டார். நான் கவனிக்கவில்லை என்றேன். நாளைக்குப் பார் என்றார்.

மறுநாளும் பார்த்தேன், அதற்கு மறுநாளும். சிவப்பு வயிற்றின் நடுவரைக்கும் வருகிறது. மூன்று வாரம் இருந்துவிட்டு அது போய்விட்டது. தெற்கே போகிற வழியில் தங்குவது என்று படித்தேன்.

போர்டு இன்னும் அதே சோப்பு டப்பாவில் ஓடிக்கொண்டிருக்கிறது. கோடையில் சூடேறி மெதுவாகிவிடுகிறது. மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை அணைத்து வைக்கிறோம். அந்த நேரத்தில் பறவைகளும் அதிகம் கத்துவதில்லை. மாதம் ஒருமுறை கார்டை நகல் எடுக்கிறேன். இப்போது ஊருணிப் பக்கம் ஒரு மைக்கும் கொல்லைப் பக்கம் ஒரு மைக்கும் வேண்டும் என்கிறார். அதற்கு இதே போர்டு தாங்குமா, இன்னொன்று வாங்க வேண்டுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த முறை பட்டியலை அவருக்குப் படித்துக் காட்டி, இருவருமாகத்தான் டிக் போடுகிறோம்.